ஒன்றும் முளைக்காத தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்
நாற்பது தண்ணீர்ச் சோதனைத் தட்டிலும் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. மேலதிகாரி சிரித்தார், அவருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. சோதனைக்கான தண்ணீர் மாதிரிகளை வீடு வீடாகப் பிடித்து ஐஸ்பெட்டியில் கொண்டுவருபவர் - எங்களுக்கு அவர் ஐஸ்பெட்டிக்காரர் - வாசலிலேயே தயங்கி நின்றார். அவர் தெருவில் தண்ணீர் லேசாக நாறுகிறதாம்.
"பொண்ணுக்குக் குடுக்கலாமா மேடம்?"
"தாராளமா குடுங்க" என்றேன்.

மார்ச் 8, சனி
அவர் தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. அவர் மகளும் ஆஸ்பத்திரியில்.

மார்ச் 9, ஞாயிறு
மனசு கேட்காமல் லேபுக்குப் போனேன். மாதிரிக் குப்பிகளைத் தயார் செய்தவள் நான். ஒவ்வொன்றிலும் சில சொட்டு தயோசல்பேட் விட வேண்டும். விடாவிட்டால் குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் வழியெல்லாம் குப்பிக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். தட்டு சுத்தமாக இருக்கும், தெரு இருக்காது.
அலமாரியில் தயோசல்பேட் புட்டி சீல்கூட உடையாமல் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்
மேலதிகாரி ஐஸ்பெட்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். அலையச் சோம்பல்பட்டு ஒரே குழாயில் நாற்பது குப்பியையும் நிரப்பிவிட்டாராம். "எல்லா வீட்டுக்கும் போனேன் சார்" என்றார், ஒரே தடவை. வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 11
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12
என்னடி பயம் உனக்கு? வேலை போயிடும்னா? அவருக்குப் போயிடுச்சே. அந்தத் தெரு இன்னும் அதே தண்ணியைத்தான் குடிக்குது. உன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பி - சீ.

மார்ச் 13, வியாழன்
எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது, அவர்மேல் ஒன்றுமில்லை என்று. மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.
"எப்பத் தெரியும்?"
"ஞாயித்துக்கிழமை."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை. உடனே அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் அனுப்பச் சொன்னார்.

மார்ச் 15
சரியான குப்பி, புது மாதிரி. அவர் தெருத் தட்டுகள் ஆறிலும் கிருமி முளைத்துவிட்டது. உடைந்த குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில் புதிதாகப் படுத்தவர்கள் ஏழு பேர். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2
குழாயை மாற்றிவிட்டார்கள். ஐஸ்பெட்டிக்காரர் வேலைக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது, மகளும் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது ஒரு மெமோ மட்டும்.
இன்று அவர் தெரு மாதிரியில் ஒன்றுமே இல்லை. இரண்டு முறை சோதித்துவிட்டு வாசலுக்கே போய், இனி பயமில்லாமல் குடிக்கலாம் என்றேன். பெட்டியை இறக்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். கோபம் துளியும் இல்லை.
"சரிங்க மேடம். நாங்க கொதிக்க வச்சே குடிச்சுக்கறோம்."