என் தொட்டியில் குளிப்பவர்

நவம்பர் 6
காலையிலிருந்து நல்ல வெயில். பதினொரு மணிக்குக் குளிக்கப் போனால் தண்ணீர் ஜில்லென்று கொட்டுகிறது. ஒண்டிக்கட்டை நான். மொட்டை மாடி சோலார் தொட்டி வெந்நீர் முழுக்க யார் குடித்துத் தீர்த்தது? சைப்ரஸில், அதுவும் லார்னகாவில், வெயிலுக்கா பஞ்சம்?

நவம்பர் 8
குழாய்க்காரன் டோஃபிஸ் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான். "மருல்லாக்கா, உங்க தொட்டியிலேருந்து ரெண்டு குழாய் கிளம்புது. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு எதிர்வீட்டுக்கு. அவர் தொட்டி அது பாட்டுக்குக் கொதிச்சுக்கிட்டு சும்மா நிக்குது."

எதிர்வீடு என்றால், இதே மாடியில் என் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் புரோத்ரோமோஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தொட்டியின் நிழல் என் சோலார் பலகையில் விழுகிறது என்று கட்டடமே அதிரச் சண்டை போட்டு, கோடையில் அதை நகர்த்த வைத்தேன். நகர்த்தின ஆட்கள்தான் குழாயை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

"திங்கக்கிழமை வந்து பிரிச்சு விடு" என்றேன்.

நவம்பர் 10
பத்தரை வரை சூடு. பதினொன்றுக்குப் பச்சைத் தண்ணீர். ஆக, மனுஷன் குளிப்பது பத்தரைக்கு. தினமும்!

நவம்பர் 11
டோஃபிஸ் வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன். "இருக்கட்டும் விடு. அவர்கிட்ட மூச்சு விட்டே, அப்புறம் பார்." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஸ்டாவ்ரோஸ் போய் ஆறு வருஷம். நான் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சர்க்கரை டப்பா என் கைக்கு மட்டும்தான் குறைகிறது. இப்போது என்னுடையது ஒன்றை இன்னொருத்தர் தீர்க்கிறார். அதையும் வெட்டிவிட்டால்?

இனி மூன்று மணிக்குக் குளித்துக்கொள்கிறேன். அதற்குள் தண்ணீர் மறுபடி சூடாகிவிடும்.

டிசம்பர் 3
மூன்று நாளாக மழை. கரண்ட் சுவிட்சைப் போட்டுத் தொட்டியைச் சூடாக்கினேன், அவருக்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் படிக்கட்டில் நின்று கீழ்வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்: "என் சோலார் மாதிரி வருமா? மழையிலயும் வெந்நீர் கொட்டுதுய்யா!"

கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

டிசம்பர் 25
சாயங்காலமும் குழாயில் பச்சைத் தண்ணீர்; மறுபடி குளித்திருக்கிறார். யாரோ வருவதாக இருந்ததோ? ஒருத்தரும் படியேறவில்லை. இங்கேயும்தான்.

ஜனவரி 14
மூன்று மணிக்குக் கை வைக்க முடியாத கொதி. ஆகா! தொட்டி முழுக்க எனக்கே. முக்கால் மணி நேரம் குளித்தேன். கம்பளிகளைக்கூட அலசிப் போட்டேன்.

ஜனவரி 15
இன்றும் கொதி. சோப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நேத்தும் குளிக்கல, இன்னிக்கும் குளிக்கல. எங்கேயும் போகிற ஆள் இல்லையே அவர்?

கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். "நான்தான், மருல்லா! திறங்க!" தீயணைப்புக்குப் போன் போட்டேன். அவர்கள் வந்து பூட்டை உடைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. நேற்றுக் காலையிலிருந்து கிடக்கிறாராம்.

ஐயோ, பாவி நான்! அவர் அங்க கிடந்தப்போ நான் இங்க கம்பளி அலசிக்கிட்டு இருந்திருக்கேனே.

ஜனவரி 20
ஆஸ்பத்திரிக்கு எலுமிச்சை பிழிந்த கோழி சூப் கொண்டுபோனேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுச்சு."

"எனக்குக் குரலே எழும்பலையே!"

"எனக்குப் பாம்புக் காது. ஆறிடப்போகுது, குடிங்க."

அவர் மகள் அவரைப் பாஃபோஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாளாம். திரும்பி வருவீங்களா என்று கேட்க வாய் வரவில்லை.

பிப்ரவரி 22
மறுபடி பதினொரு மணிக்கே குளிக்கிறேன். நாள் பூராவும் வெந்நீர். யாருக்கு வேணும் இவ்வளவு?

மார்ச் 9
டோஃபிஸைத் தெருவில் பார்த்தேன். "இப்பவாவது பிரிச்சு விடட்டுமாக்கா? வீடு காலியாத்தானே கிடக்கு?"

"அந்தக் குழாயில கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

ஏப்ரல் 2
பதினொரு மணி. தலை நிறைய நுரை. திடீரென்று தண்ணீர் ஜில்லிட்டது. வாயில் வந்தபடி திட்டினேன். பாதித் திட்டில்தான் உறைத்தது.

நடுங்கிக்கொண்டே, அழுதுகொண்டே பச்சைத் தண்ணீரில் தலையை அலசினேன். இன்னும் துவட்டக்கூட இல்லை. அடுப்பில் சூப் கொதிக்கிறது, இரண்டு பேருக்கு.