ரிக் வண்டிச் சத்தம்

அன்புள்ள அப்பாவுக்குத் தனப்பிரியா வணங்கி எழுதுவது. நான் சுகம், நீங்களும் அம்மாவும் சுகமா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

இந்த அருணாசலப் பிரதேசக் காட்டு மரங்களில் ஒலிப்பதிவுக் கருவிகள் கட்டியிருக்கிறோம். யாராவது மரம் அறுத்தால் கம்ப்யூட்டர் சத்தத்தை வைத்தே காட்டிக்கொடுக்கும். போன வாரம் ஒரு சத்தத்தை அது அருவி என்றது. நான் கேட்டுப் பார்த்தேன், நடுவில் சத்தம் கனத்தது. "கல்லு மாறுனா சத்தமும் மாறும் சாமி" என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. போர் போடும் ரிக் வண்டி என்றேன். வனத்துறையினர் போய், காட்டுக்குள் அனுமதியில்லாமல் துளை போட்டவர்களைப் பிடித்துவிட்டார்கள்.

இதை எங்கே படித்தாய் என்று அதிகாரி கேட்டார். திருச்செங்கோட்டில், அப்பாவின் ரிக்கில் என்றேன்.

இனிக் கம்ப்யூட்டருக்கும் அந்தச் சத்தத்தைப் பழக்க வேண்டும். நம் வண்டியை ஓடவிட்டுப் பத்து நிமிடம் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் அம்மா பேசினால் தடுக்க வேண்டாம்.

ஜீப் கிளம்புகிறது.

பிரியா