கொடி விரியாத பதினொரு நிமிடம்

அனுப்புநர்:
ய. ஜெயமேரி (வயது 63),
உடற்கல்வி ஆசிரியை (ஓய்வு),
க/பெ. காலஞ்சென்ற யாகப்பன்,
எண் 14, தோணிக்கார வீதி,
காரைக்கால்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம்,
காரைக்கால்.

பொருள்: தோணிக்கார வீதி சுதந்திர தின விழாவில் நான் கட்டிய கொடி முடிச்சைத் திரு. டைட்டஸ் என்பவர் எனக்குத் தெரியாமல் அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டது – பழி என் மேல் விழுந்தபோது வாய்மூடி நின்றது – நவம்பர் 1 விடுதலை நாள் ஊர்வலத்திற்கான அனுமதியில் நிபந்தனை சேர்க்கக் கோருதல் – வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் வீதியில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்திற்கும் நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளுக்கும், பிள்ளைகளின் அணிவகுப்பு ஊர்வலம் நடக்கும். காலையில் ஊர்வலமும் கொடியேற்றமும், மாலையில் வாணவேடிக்கை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊர்வலத்திற்கு முன்னால் விசிலோடு நடந்தவள் நான். கொடியை மடித்து முடிச்சுப் போடுகிறவளும் நான். ஊர்வலத்தை நடத்தியவர்தான் மாலையில் முதல் புஸ்வாணத்தைக் கொளுத்த வேண்டும் என்பது எங்கள் வீதி வழக்கம் என்பதால், அதுவும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை என்று கேள்விப்பட்டதால் சொல்லிவைக்கிறேன்.

2. திரு. டைட்டஸ் என் எதிர்வீட்டுக்காரர். விழாக் குழுவின் செயலாளர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் லாரிகள் மூன்று வைத்திருக்கிறார். முன்பு பதினைந்து வருடம் தாமே லாரி ஓட்டியவர். அதற்கும் முன்பு ஏழாம் வகுப்பில் என் மாணவர். அணிவகுப்பில் இடது கால் என்றால் வலது காலை எடுத்து வைப்பார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தனியாக நிறுத்தி, இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்தேன். சரியாக வைத்த அன்று கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அந்த மிட்டாயைத் திரும்பப் பெற இப்போது வழியில்லை என்பதை அறிவேன்.

3. கடந்த 15.08.2025 அன்று மாதா விண்ணேற்புத் திருநாளின் முதல் பூசைக்குப் போய்வந்து, காலை 6.20 மணிக்குக் கொடியை மடித்தேன். உள்ளே ரோஜா இதழ்களை வைத்து, கயிற்றால் சுருக்கு முடிச்சுப் போட்டேன். கொடி முடிச்சு என்பது பொட்டலம் மேலே போன பிறகு கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் அவிழ வேண்டியது. மூன்று முறை சுண்டிப் பார்த்து, மறுபடி கட்டி, கம்பத்தின் அடியில் தயாராக வைத்துவிட்டு, நாற்பத்தாறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்காக வீதியின் மறுமுனைக்குப் போனேன். அன்று கடல் காற்று சற்றுப் பலமாக இருந்தது உண்மை. இதை நான் மறைக்கவில்லை.

4. ஊர்வலம் 7.15க்குப் புறப்பட்டு 7.40க்குக் கம்பத்தை அடைந்தது. ஒரு கால் பிசகவில்லை. சிறப்பு விருந்தினர் குரும்பகரம் திரு. அம்பலவாணன் அவர்கள், எண்பது வயது விவசாயி, இந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதை ஒன்பது வயதில் நேரில் பார்த்தவர். அவர் கயிற்றை இழுத்தார். பொட்டலம் உச்சிக்குப் போயிற்று. சுண்டினார். விரியவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினார். விரியவில்லை. இதற்குள் ஒலிபெருக்கிக்காரர், கொடி விரிந்துவிட்டது என்று நினைத்து நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். நாட்டுப்பண் தொடங்கினால் அசையக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனவே அசையாமல் நின்றேன். மொத்த வீதியும் மேலே ஒரு பொட்டலத்தைப் பார்த்து நாட்டுப்பண் பாடி முடித்தது.

5. பிறகு பொட்டலத்தை இறக்கி, நான் அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. நகம் பெயர்ந்தது. வெயிலில் பிள்ளைகள் வணக்கம் வைத்த கையை இறக்காமல் நின்றார்கள், ஏனென்றால் இறக்கச் சொல்லி விசில் ஊத வேண்டியவள் வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு ஹஃப்ஸா கொண்டுவந்த காய் நறுக்கும் கத்தியால், முடிச்சுக்கு அந்தப் பக்கம் கயிற்றை அறுத்துக் கொடியை விடுவித்தேன். விருந்தினர் கயிற்றைத் தொட்டபோது என் கழுத்தில் இருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பழக்கத்தில் அழுத்தியிருந்தேன். பதினொரு நிமிடம் நான்கு நொடி. திரு. அம்பலவாணன் அவர்கள் என் தோளைத் தட்டி, "பரவால்லம்மா, விடுங்க. பழைய கொடி எறங்கவே எத்தன வருசம் ஆச்சு" என்றார். நல்ல மனிதர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. அந்தப் பதினொரு நிமிடமும் எனக்கு இரண்டடி தள்ளிப் பூத்தட்டை ஏந்தி நின்றவர் திரு. டைட்டஸ். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றார்.

7. மதியத்திற்குள், நான் கயிற்றைப் பல்லால் கடிக்கும் வீடியோ வீதியின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. "டீச்சருக்கு விசில் ஊதத்தான் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழ் முப்பத்தேழு சிரிப்பு முகங்கள். குழுவின் அட்மின் திரு. டைட்டஸ். அதை நீக்கவில்லை. அன்று மாலை வாணவேடிக்கைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. முதல் புஸ்வாணத்தைக் கொளுத்தியவர் திரு. டைட்டஸ் என்பதை என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன்பின் இருபதடி நீளச் சரவெடி ஒன்றை என் வாசல் வரை நீட்டிக் கொளுத்தினார்கள். அந்தக் காகிதக் குப்பையைக் கூட்டி ஒரு கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஐயா கேட்டால் கொண்டுவரத் தயார்.

8. 24.08.2025 அன்று குழுக் கூட்டத்தில், "வயது மூப்பைக் கருத்தில் கொண்டு" என்னை ஊர்வலப் பொறுப்பிலிருந்து விடுவித்துத் தலைவர் திரு. தியாகராசன் தீர்மானம் போட்டார். நவம்பர் 1 ஊர்வலத்தை நடத்தத் திரு. டைட்டஸ் நியமிக்கப்பட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தவறு என்னுடையது என்றே அன்று நானும் நம்பியிருந்தேன். ஒன்பது நாள் தூங்காமல், இருட்டில் கையாலேயே அந்த முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தவள் நான். இதற்கு யார் பதில் சொல்வது என்பதே இம்மனுவின் கேள்வி.

9. அறுத்தெடுத்த முடிச்சை நான் எறியவில்லை. ஒரு நாள் வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தபோது, அது என் கை போட்டது இல்லை என்று தெரிந்தது. அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, 17.09.2025 அன்று பேருந்தில் கீழவாஞ்சூர் போனேன். துறைமுகச் சாலை டீக்கடையில் நிலக்கரி லாரிகள் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நிற்கும். அஃப்ரித் என்ற ஓட்டுநரிடம் காட்டினேன். கையில்கூட வாங்காமல், "இது எங்க முடிச்சுங்க டீச்சர். தார்ப்பா காத்துல பறக்காம இருக்கப் போடுறது. இழுக்க இழுக்க இறுகும். அவுக்கணும்னா காது மாதிரி இருக்குற இந்த வளையத்தத் தள்ளிவிடணும், அர நொடி வேல" என்றார். எங்கள் வீதியில் லாரி ஓட்டியவர் ஒருவர்தான்.

10. இது போதாது என்று ஐயா கருதலாம். எனவே இரண்டாவது சான்று. ஹஃப்ஸாவின் மகள் ஊர்வலத்தில் மூன்றாவது வரிசை. துபாயில் இருக்கும் கணவருக்கு அனுப்புவதற்காக அவள் வரிசையில் நிற்கக் கம்பத்தைத் தாண்டிப் போவதை ஹஃப்ஸா மொட்டை மாடியிலிருந்து காலை 7.02க்கு வீடியோ எடுத்தார். பிள்ளை மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. என் கண்ணில் பின்னால் இருந்த கம்பம் பட்டது. கம்பத்தடியில் குனிந்து, என் முடிச்சை அவிழ்த்து, முழங்காலை மடித்து, பல்லைக் கடித்து இழுத்துக் கட்டுகிறவர் திரு. டைட்டஸ். கட்டி முடித்துவிட்டு, லாரியின் பக்கவாட்டில் தட்டுவது போலக் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்.

11. காற்றில் கொடி முன்கூட்டியே அவிழ்ந்து மண்ணில் விழுந்துவிடும் என்று பயந்து நல்லெண்ணத்தில் செய்தார் என்று அவர் சார்பில் சொல்லப்படலாம். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் செய்ய அவருக்குச் சாமர்த்தியம் போதாது. முடிச்சுப் போட்டதற்காக இம்மனு இல்லை. அரை நொடியில் அவிழ்க்கத் தெரிந்தவர், பதினொரு நிமிடம் நான் கயிற்றைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதற்காகத்தான் இம்மனு. "டீச்சர், நான் கட்டினது, குடுங்க" என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால், விருந்தினர் சிரித்திருப்பார், நான் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன், மாலை புஸ்வாணத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

12. வாணவேடிக்கையில் மிச்சமாகி, நவம்பருக்கென்று அவர் வீட்டு முகப்பில் வைத்திருந்த பட்டாசுப் பெட்டி நனைந்துவிட்டதாக என் மேல் ஒரு வாய்மொழிப் புகார் உள்ளது. 20.09.2025 அன்று நான் செடிகளுக்கு நீர் விட்டேன். பெட்டி செடிக்கு அருகில் இருந்தது. செடி அவருடையது.

13. 21.09.2025 முதல் அந்த முடிச்சைக் கண்ணாடி டப்பாவில் போட்டு, அவர் வீட்டைப் பார்த்த என் ஜன்னலில் வைத்தேன். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டு முன்கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கிறது. இது எனக்குத் திருப்தியாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் போதவில்லை.

14. இனி, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆணை கேட்பதற்கான காரணம். நானும் திரு. டைட்டஸும் ஒரே கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். அவர் எப்போதும் ஆண்கள் பக்கம் கடைசியில், கதவோரம் நிற்பார். 28.09.2025 அன்று உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். 05.10.2025 அன்று நடுவில். நேற்று 12.10.2025 அன்று என் வரிசைக்கு நேராக வந்துவிட்டார். எங்களுக்கு நடுவில் நடைபாதை மட்டும்தான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தார். நல்லவேளையாகப் பாடகர் குழு பாட்டைத் தொடங்கிவிட்டது. நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தப்பினேன்.

15. ஐயா, கேட்டால் மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் வேதம். நான் இத்தனை வருடம் பூசை கண்டவள். நீட்டிய கையைக் கோயிலுக்குள் தட்டிவிட என்னால் முடியாது. வரும் 19.10.2025 ஞாயிறு அவர் கேட்டுவிடுவார். கேட்டால் நான் மன்னித்துவிடுவேன். கோயிலுக்குள் இரண்டு பேருக்கு மட்டும் காதில் விழும்படி கேட்டு, வீதி முழுக்கச் சிரித்ததை அதோடு தீர்த்துக்கொண்டு போய்விடுவார். இதை என்னால் தாங்க முடியாது. உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தாக வேண்டும், அதையும் தின்ற இடத்திலேயே குடிக்க வேண்டும்.

16. ஆகவே, நவம்பர் 1 ஊர்வலத்திற்கும் வாணவேடிக்கைக்கும் விழாக் குழு தங்களிடம் கேட்டிருக்கும் அனுமதியைக் கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு வழங்குமாறு வேண்டுகிறேன்:

(அ) ஊர்வலம் கம்பத்தை அடைந்ததும், கொடியேற்றத்திற்கு முன், இத்துடன் இணைத்துள்ள முடிச்சைத் திரு. டைட்டஸ் கையில் வாங்கி, இது யார் போட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லி, எல்லோர் முன்பாகவும் அவிழ்க்க வேண்டும்.

(ஆ) கத்தி வழங்கக் கூடாது. அரை நொடி வேலைதானே என்று ஐயா நினைக்கலாம். பருத்திக் கயிறு கெட்டுப்போகாமல் இருக்க அதை நான் நான்கு முறை நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்திருக்கிறேன். காயக் காய முடிச்சு இறுகியது தற்செயல்.

(இ) அந்த நேரம் முழுவதும் நான் இரண்டடி தள்ளிப் பூத்தட்டை ஏந்தி நிற்க அனுமதிக்க வேண்டும். நான் எதுவும் பேசமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.

(ஈ) பிள்ளைகளை அதுவரை நிழலில் உட்காரவைக்க வேண்டும். அவர்கள் ஒருமுறை நின்றது போதும்.

(உ) அதுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று திரு. டைட்டஸுக்குத் தடை விதிக்க வேண்டும். எந்தச் சட்டப் பிரிவில் இது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் அலுவலகத்தில் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

17. ஊர்வலப் பொறுப்பை எனக்குத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. நஷ்டஈடும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். பதினொரு நிமிடம் நான்கு நொடி மட்டும் வாங்கிக் கொடுங்கள். ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது. அந்த நேரம் முடிந்த பிறகு அவர் கேட்கட்டும், நான் அங்கேயே மன்னித்துவிடுகிறேன்.

சனிக்கிழமை மாலைக்குள் தங்கள் ஆணை என் கைக்கு வந்து சேரும் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இடம்: காரைக்கால்
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ய. ஜெயமேரி

இணைப்புகள்:
1. வாட்ஸ்அப் குழுப் பக்கத்தின் நகல், சிரிப்பு முகங்களுடன்.
2. ஹஃப்ஸா எடுத்த வீடியோ, பென்டிரைவில்.
3. முடிச்சு, ஒன்று, டப்பாவுடன். அலுவலகத்தில் யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்த்தாலும் பரவாயில்லை, இன்னும் இறுகும்.