பல்லால் கடிக்காத டேப்

தம்பி,

இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. வாசலில் செத்துக் கிடக்கும் காரில், ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம் கிடந்தேன்.

"வெளியாள் வயரில் கை வைத்திருக்கிறார், வாரன்டி செல்லாது" என்று கம்பெனிக்காரன் எழுதினானே, அதற்கு அவன் காட்டிய சாட்சி வயரில் சுற்றியிருந்த கறுப்பு டேப்தான். வீட்டில் எலக்ட்ரீசியன் நீ ஒருத்தன். அதனால் யோசிக்காமல் உன்மேல் பாய்ந்துவிட்டேன்.

இன்றைக்குத்தான் அந்த டேப்பைக் கிட்டத்தில் பார்த்தேன். நுனி கத்தரியால் வெட்டினாற்போல நேராக இருக்கிறது. நீ என்றைக்கடா கத்தரியைத் தொட்டாய்? பல்லால் கடித்துத்தானே இழுப்பாய்! உடனே போன மாதம் ஷோரூமில் கொடுத்த சர்வீஸ் ரசீதைத் தேடி எடுத்தேன். "ஸ்டீயரிங் அடி வயர் சரிசெய்யப்பட்டது" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள்.

ரசீதோடு ஷோரூமுக்குப் போகிறேன். சரிசெய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுக்காமல் மேனேஜர் என்னை நாற்காலியை விட்டு எழுப்ப முடியாது. மூட்டை தூக்கினவர் பெற்ற பிள்ளை நான், கண்ணாடிக் கதவுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்.

சோறு குக்கரில் இருக்கிறது. முட்டை இரண்டு அவித்து மூடி வைத்திருக்கிறேன். ரோஷத்தை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிடு.

கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டரைக் கொடுத்துவிடு. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிமேல் வை.

அக்கா

பி.கு.: உன்னைத் திட்டியது அம்மா முன்னால். இந்தச் சீட்டால் அது தீராது. அதே அம்மா முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது என் பாக்கி.