பூசாரிக்கு விலக்கு உண்டு

ஜூன் 10, செவ்வாய்

மழை. இன்சீன் ஊரே மிதக்கிறது. ரயில் இன்று கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். இவ்வீட்டுச் சக்கரவர்த்தியாகிய அடியேன் மொஹிங்கா, அதான் பர்மிய மீன்சாறு நூடுல்ஸ், வாங்கினேன். இரண்டு கிண்ணம். பழக்கதோஷம். சாப்பிட ஒரே வாய்தான்.

தம்பி மகன் செல்வா இல்லாத வீடு மைதானம் மாதிரி. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள். தாய் தகப்பனைக் காப்பாற்றுகிறவனுக்குப் பிறகு சேரத் தவணை தருவார்களாம். அவனுக்கு இருவரும் இல்லை. "பெரியப்பா என்பதில் அப்பா இருக்கிறதே ஐயா!" என்று வார்டு ஆபீஸ் அதிர வாதாடினேன். எடுபடவில்லை. பூசாரிக்கு விலக்கு உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊர் அம்மன் கோயிலில் உதவிப் பூசாரியாகச் சேர்த்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். குடைக் கம்பி சரி பண்ண வேண்டும். சோப்பு. செ.வுக்கு வேட்டி.

தேநீர்க் கடையில் காதர் பாய், காதோரம்: "கோயில் கோயிலா வந்து பாக்குறாங்களாம் ராஜுண்ணே. மந்திரம் தெரியாத பூசாரிய அப்படியே வண்டில ஏத்திர்றாங்களாம்."

"எங்க பய வாயத் தொறந்தா இமயமலை உருகும் பாய்!"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். செ. கனவு காண்பதே பர்மியத்தில். தமிழே தடுமாற்றம். மந்திரத்துக்கு எங்கே போவான்?

ஜூன் 15, ஞாயிறு

பாலம் தாண்டி பஸ். பெரிய பூசாரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். செ. மட்டும். இளைத்துவிட்டான். கும்பிட வந்த பத்துப் பேர் முன்னால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? தோளில் தூக்கித் திரிந்த பயலை "சாமி" என்று கும்பிட்டேன். திருநீறு தந்தான். விரல் சில்லென்று இருந்தது.

அப்போது இரண்டு பேர் வந்தார்கள். கையில் பெயர்ப் பட்டியல். மூத்தவர் பர்மியத்தில் கேட்டார்: "நீ பூசாரியா? மந்திரம் சொல்லு, கேட்போம்."

செ. கற்பூரம் ஏற்றினான். கண்ணை மூடினான். மணியடித்தான். பெரிய பூசாரியின் அதே ராகம்:

"ஓம்... பெரியப்பா... மீன் கொழம்பு... நமஹ! பருப்பு... தொண்டையில எறங்கல... நமஹ! வீட்டுக்கு... வரணும்போல இருக்கு... நமஹ!"

கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் இருவரும் கைகூப்பினார்கள்.

எனக்குக் கண் மறைத்தது. குரலை ஏழு கடலுக்கும் கேட்க உயர்த்தி, அதே மெட்டில்:

"ஓம்... வந்துடாதடா... மகனே..."

கோயிலே சேர்ந்து சொன்னது: "நமஹ!"