சட்டை என்று சொல்லி வாங்கிய விலாசம்

மார்ச் 4

அண்ணிக்குக் காய்ச்சல். நானே சமைத்து வைத்துவிட்டு ஓடினேன். எக்ஸ்ரே அறையில் இன்று இருபத்தேழு பேர். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டியது.

மாலையில் வக்கீலம்மா போன் செய்தார். விவாகரத்து நோட்டீஸ் மறுபடியும் திரும்பி வந்துவிட்டதாம். அந்த விலாசத்தில் அப்படி யாருமே இல்லையாம்.

மார்ச் 6

"கட்டின புருஷன் எங்க குடியிருக்கார்னு தெரியாதாம்மா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

தெரியாது. நாடு தெரியும், போன் நம்பர் தெரியும், தெரு தெரியாது. ஒன்பது வருடத்தில் இரண்டு முறை வந்தார், விருந்தாளி மாதிரி. கடைசியாக வந்து ஐந்து வருடமாகிறது. விவாகரத்துப் பேச்சை எடுத்தால் நான்கு மாதம் போனை எடுக்கமாட்டார். மாமியாரைக் கேட்டால் மறுநிமிடமே அவர் காதுக்குப் போய்விடும்.

அடுத்த வாய்தா ஏப்ரல் 10. அதற்குள் நோட்டீஸ் அவர் கைக்குப் போகாவிட்டால் மனு தள்ளுபடி. அப்புறம்? சாகிற வரைக்கும் அண்ணன் வீட்டு ஹாலில் பாயா?

மார்ச் 9

பெரியம்மா யாரிடமோ என்னை வாழாவெட்டி என்றார். என் காதில் விழட்டும் என்றேதான்.

மார்ச் 12

பொய் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு ஒரு சட்டை எடுத்திருக்கேன், எங்க அனுப்பணும்?" என்று மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். முழு விலாசமும் சொன்னார். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது, மணி அடித்தால் கீழே வந்து வாங்கிக்கொள்வாராம். பிறகு கேட்டார்: "உன் முதுகுவலி எப்படி இருக்கு?"

பதினெட்டு நிமிஷம் பேசினான். இத்தனை வருஷமா இந்த அக்கறை எங்கே போயிருந்துச்சு? பாவி!

மார்ச் 13

விலாசத்தைக் கொடுத்தேன். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார் வக்கீலம்மா. பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். நேற்று "வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை — அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 24

"இன்னும் வரலியே. என்ன கலர்?"

நீலம் என்று எழுதினேன். இல்லாத சட்டைக்கு.

மார்ச் 29

நிஜமாகவே ஒரு சட்டை வாங்கி அனுப்பிவிடலாம் என்று கடை வரைக்கும் போனேன். அளவு கேட்டார்கள். தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

போன் வந்தது. மணி அடித்ததும் செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடினாராம். கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவர் மெலிதாக இருப்பதைப் பார்த்தாராம்.

"சட்டைன்னு நெனச்சேன்டி."

கத்தவில்லை. கத்தித் தொலைத்திருக்கலாம். மன்னிச்சிடுங்க என்பது தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர்தானோ என்று நான் ஓடவில்லையா? அப்போது யார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

ஏப்ரல் 10

மனு தள்ளுபடி ஆகவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18

தீர்ப்பு ஆகிவிட்டது. அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும், விலாசம் மாறவில்லையே என்று வக்கீலம்மா கேட்டார். நானே கூப்பிட்டேன். இந்த முறை என்ன அனுப்பப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

"அதே விலாசந்தான்" என்றார். பிறகு சொன்னார்: "அவசரமில்ல, மெதுவா அனுப்பு."

நாளைக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன்.