இரண்டாவது கம்பி

1938 செப்டம்பர் 4, ஞாயிறு. குருவிநத்தம்.

எங்கள் மாட்டுக்கொட்டகையில் இப்போது மோட்டார் குடியிருக்கிறது. மாடுகள் வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கின்றன. புதுச்சேரி டவுனில் ஒரு வெள்ளைக்காரர் கழித்துப்போட்ட பழைய பிரெஞ்சு கார். அதற்கு இன்றும் இவர் பெயிண்ட் அடித்தார். கருநீலம். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அதன் அடியில்கூட இரண்டு பூச்சு. "கடல்காத்து, ஆதி. ஒரு இடம் வுட்டாலும் துரு வந்துடும்" என்கிறார் என்னிடம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

எதற்காக இதெல்லாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானே எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், எனக்கு வலி வந்தபோது பெண்ணையாற்றில் வெள்ளம். பக்கத்தில் இருக்கிற கடலூருக்குப் போக வழியில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டினார்கள். கிருமாம்பாக்கம் தாண்டியதும் லாந்தர் மழையில் அணைந்தது. சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்குள் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. ஆண். அந்த இருட்டில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

இதோ மறுபடியும் ஐப்பசிக்குத்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12

இன்று எஞ்சின் ஓடியது. இன்னாசிமுத்து முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற, நாலாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. இன்னாசிமுத்து கடலூர்க்காரன், முன்பு பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். இப்போது எங்கள் கழனியில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறான். இவர் சிரித்ததைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

ஆனால் விளக்கு எரியவில்லை. ஹாரனும் பேசவில்லை. எஞ்சின் தனக்கு வேண்டிய நெருப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமாம். விளக்குக்கும் ஹாரனுக்கும்தான் பேட்டரி.

"வுடு, வண்டி ஓடுதில்ல. இவ பகல்ல பெத்துக்கட்டும்" என்றார் அத்தை, இவருடைய அம்மா. என்னவோ என் கையில் இருப்பது போல.

செப்டம்பர் 20

பேட்டரியை பஸ்ஸில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்து வந்தார்கள். எரியவில்லை.

பல்பைக் கழற்றி, இரண்டு கம்பி வைத்து நேராகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தார்கள். கண் கூசும்படி எரிந்தது. அதே பல்பை அதன் இடத்தில் மாட்டினால் செத்த மீன் கண். அப்படியானால் பல்பில் குற்றமில்லை, பேட்டரியிலும் இல்லை. நடுவில் எங்கோ.

நான் மோர் கொண்டுபோனபோது பார்த்தேன். விளக்குக்கு ஒரே ஒரு கம்பிதான் போகிறது. டவுனில் எங்கள் அப்பா வீட்டு மின்சார விளக்குக்கு இரண்டு கம்பி, முறுக்கிக்கொண்டு சுவரோடு போகும். "இன்னொரு கம்பி எங்கே?" என்று கேட்டேன்.

"மோட்டார்ல ஒண்ணுதான் வரும். நீ உள்ள போ, பெயிண்ட் வாடை ஆவாது."

சரி, போனேன். ஆனால் போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வரும்?

செப்டம்பர் 27

அந்த ஒற்றைக் கம்பியையும் முழுசாக மாற்றிவிட்டார்கள். புதுக் கம்பி, புது சுவிட்ச். எரியவில்லை. இவர் ஸ்பேனரைச் சுவரில் வீசினார். பிறகு தானே போய்ப் பொறுக்கினார்.

செப்டம்பர் 28

மழை.

அக்டோபர் 2

இவர் சொல்லி இன்னாசிமுத்து டவுனுக்குப் போய் ஒரு மோட்டார் பட்டறையில் விசாரித்து வந்தான். பட்டறைக்காரர் அரை வெள்ளைக்காரர். முழுசாகக் கேட்டுவிட்டுப் பூசை பார்க்கச் சொன்னாராம்.

"பூசையா?" என்று இவர் மூன்று தரம் கேட்டார்.

"ஆமாண்ணே. ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன். வெள்ளக்காரன் ஓட்டன வண்டி, அதுல இன்னா செத்துதோ" என்றார்.

அக்டோபர் 6

இன்னாசிமுத்து தன் மாதா கோயிலில் பாதிரியாரிடம் சொல்லிப் பாட்டுப் பூசையே வைத்துவிட்டான். அத்தை விடுவாரா? ஆயுத பூசை அன்று மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், பூசணிக்காய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஊரே வந்து சுண்டல் வாங்கித் தின்றது. சூடம் காட்டி முடித்ததும் இவர் சுவிட்சைத் திருப்பினார். எல்லோரும் விளக்கையே பார்த்தோம். சூடம்தான் எரிந்தது.

இவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அக்டோபர் 10

சண்டை. ரொம்ப மோசமான சண்டை.

இப்போதே டவுனில் அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். இந்த வயிற்றோடு, குண்டும் குழியுமான ரோட்டில் பஸ்ஸில் அனுப்பமாட்டேன் என்றார். போன தடவையும் இப்படித்தான், அப்புறம் அப்புறம் என்று— சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். "புள்ளய நான்தான் கொன்னேன்றியா?" என்றார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். இல்லை என்று உடனே சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லையே, பாவி எனக்கு வாய் வரவில்லையே.

இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கொட்டகையிலேயே கிடக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கே சொல்வது? இருட்டைக் கண்டால் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, சனி

ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் இன்னாசிமுத்து சாப்பிட உட்கார்ந்தான். இவர் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தார். அவன் சோற்றைப் பிசைந்தபடி தனக்குள்ளே முனகினான்: "மாஸ் பாரு, மாஸ் பாருன்னான். நானும் பாட்டு மாஸே பாத்துட்டேன். அப்புறமும் எரியலன்னா இன்னா பண்றது."

"என்ன சொன்னார் பட்டறைக்காரர்? அவர் வாயால் சொன்ன சொல்லை அப்படியே சொல்" என்றேன்.

"மாஸுதான் அண்ணி. 'மாஸ் பாரு, மாஸ் நல்லா இருக்குதா பாரு'ன்னாரு."

கடலூர்க்காரன் அல்லவா. இங்கிலீஷ் ராஜ்யத்துக் கிறிஸ்தவர்களுக்கு மாஸ் என்றால் கோயில் பூசை. பட்டறைக்காரர் சொன்ன சொல்லோ பிரெஞ்சு. பிரெஞ்சில் பூசைக்கு மெஸ் என்பார்கள். மாஸ் வேறு. எனக்கு கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த சொல் அது: திரள், பிண்டம், ஒரு பொருளின் மொத்த உடம்பு.

மொத்த உடம்பு. வண்டியின் மொத்த இரும்பு உடம்பு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது கம்பி எங்கே என்று கேட்டேனே, வண்டிதான் இரண்டாவது கம்பி. மின்சாரம் கம்பி வழியாகப் போய், இரும்பு வழியாகத் திரும்புகிறது. இரும்பும் இரும்பும் தொட்டால்தானே திரும்பும்? எங்கே தொடுகிறது? போல்ட்டுக்கு அடியிலெல்லாம் இரண்டு பூச்சு.

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முன்விளக்கின் முதுகில் பெயிண்டைச் சுரண்டினேன். கீச்சென்று சத்தம். இன்னாசிமுத்து, "அண்ணி, வேணாம் அண்ணி, அண்ணன் கொன்னுடும்" என்று பின்னாலேயே நின்றான். உள்ளே வெள்ளையாக இரும்பு தெரிந்தது. ஒரு துண்டுக் கம்பியின் ஒரு முனையை அதில் வைத்து அழுத்திக்கொண்டு, மறு முனையைப் பேட்டரியில் வைக்கச் சொன்னேன். சுவிட்சுக்குக் கம்பி போகிற முனை அல்ல, வண்டியின் உடம்போடு கட்டியிருக்கிற முனை.

அந்த நேரம் பார்த்து இவர் வந்துவிட்டார்.

"இன்னா பண்ற நீ?" அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இரண்டு எட்டில் வந்து கத்தியைப் பிடுங்கினார்.

"சுவிட்சைப் போடுங்கள்" என்றேன்.

"ஆதி, கைய எடு."

"போடுங்கள். எரியவில்லையென்றால் இந்த வண்டிப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

போட்டார். எரிந்தது. பட்டப்பகலிலும் எதிர்ச்சுவர் வெளுத்தது.

நான் சுரண்டிய இடத்தை இவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் நீல விரல்களைப் பார்த்தார். "நானே அடச்சிட்டேனா?" என்றார்.

ஆமாம். அக்கறையாக அடைத்துவிட்டீர்கள். அதைச் சொல்லவில்லை. இந்தத் தடவை, "இல்லை" என்று உடனே சொன்னேன். அவர் எதைக் கேட்டார், நான் எதற்குச் சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 17

ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிச் சுரண்டுகிறார்கள். பேட்டரி முடிந்தது. ஹாரன் முடிந்தது, அது அலறிய அலறலில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அத்தை, பூசை இப்போதுதான் பலித்தது என்கிறார். பலிக்கட்டும்.

முன்விளக்கு இரண்டும் ஒரே இரும்புப் பட்டையில் நிற்கின்றன. அதன் போல்ட்டுகள் மட்டும் பெயிண்டில் இறுகிப்போய் அசையவில்லை. இப்போதைக்குப் பட்டையில் ஒரு கம்பியைச் சுற்றி உள்ளே இழுத்து, கதவோரத்தில் சுரண்டிய இரும்பில் தொட வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டப் போல்ட் நாளை கடலூரிலிருந்து வரும்.

அக்டோபர் 18

ஆற்றில் வெள்ளம். கடலூர் போக முடியாது.

அக்டோபர் 23. புதுச்சேரி, ஆஸ்பத்திரி.

உட்கார முடிகிறது. எழுதுகிறேன்.

அன்றைக்கே, பதினெட்டாம் தேதியே, விளக்கு வைக்கிற நேரத்தில் வலி வந்துவிட்டது. பகலில் பெற்றுக்கொள்வதாவது.

அத்தை பின்னால். இவர் என்னை முன்னால் உட்கார வைத்தார், சாய்ந்துகொள்ள வசதியென்று. மழை அறைந்தது. வாசல் தாண்டும்போதே வண்டி குலுங்கி, அந்தக் கட்டாத கம்பி நழுவி, விளக்கு அணைந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை. அதே இருட்டு.

நான் குனிந்து தேடி எடுத்தேன். கதவோரத்து இரும்பில் வைத்து அழுத்தினேன். சாலை வந்தது.

"அப்டியே புடி. வுடாத" என்றார்.

வலி வந்தால் கை தானாக இறுகும், விளக்கு பளிச்சென்று எரியும். வலி விட்டால் கை தளரும், சாலை மங்கும். "ஆதி" என்பார். மறுபடி அழுத்துவேன். பாகூர் தாண்டினோம். போகப் போக வலி கூடியது, வெளிச்சமும் கூடியது. அடுத்த வலி எப்போது வரும் என்று விளக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம். பிறகு சொன்னார்.

கிருமாம்பாக்கம் தாண்டி அந்த வாய்க்கால். யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அப்போது வலி இல்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். வாய்க்கால் தண்ணீர் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு பக்கத்திலேயே ஓடியது. இவர் அழுதுகொண்டே ஓட்டினார். நானும் அழுதேன். விளக்கு அணையவில்லை.

நடுவில் இங்கிலீஷ் எல்லைச் சாவடியில் சுங்கக்காரன் குடையோடு வந்து எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் குறுக்குக் கழியைத் தூக்கிவிட்டான்.

பெண். நன்றாக அழுதாள். அறை முழுக்க மின்சார விளக்கு. முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வலது உள்ளங்கையில் கம்பியின் தடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

டிசம்பர் 11. குருவிநத்தம்.

மாடுகள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. வண்டிக்குத் தனியாகக் கீற்றுப் பந்தல். விளக்குப் பட்டையின் போல்ட்டுகளைப் போன வாரம் ஒருவழியாகக் கழற்றி, சுரண்டி மாட்டிவிட்டார்கள். விளக்கு தானாகவே எரிகிறது. நீலத்தில் அங்கங்கே சொறி பிடித்தது போல இருக்கிறது. இவர் மறுபடி பெயிண்ட் டப்பாவைத் தொடவில்லை.

இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பினோம். இன்னாசிமுத்து கதவோரத்தில் தொங்கிய அந்தக் கம்பியைக் காட்டி, "இதுக்குதான் இனிமே வேலையில்லயேண்ணே. அறுத்துடவா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்டா. அவ புடிச்சிக்கினு வரட்டும்" என்றார் இவர்.

பிள்ளை ஒரு கையில். இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.